அரசன் தலை பேரிக்காய் ஆன கதை: ஒரு கேள்வி, பல குறிப்புகள்

கேள்வி (மார்ச் 2, மாலை 6.15)

கில்லட்டின் விழுவதற்கு முன்பே கேலிப்படக்காரர்கள் பிரான்சின் பதினாறாம் லூயி மன்னனின் தலையை வெட்டிவிட்டார்கள் என்று ஒருவர் மேடையில் பேசினார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. நிஜமாகவே படம்தான் முடியைக் கவிழ்த்ததா? அச்சுத் தொழிலில் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு 9.40

கவிழ்க்கவில்லை. தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் போதும்.

1789-ல் பாஸ்டில் சிறை விழுகிறது. அந்த வருடத்தில் பிரபலமான படம் எது? எலும்பும் தோலுமான ஒரு குடியானவனின் முதுகில் ஒரு பாதிரியாரும் ஒரு பிரபுவும் உப்புமூட்டை ஏறியிருக்கிறார்கள். கீழே, 'இந்த விளையாட்டு சீக்கிரம் முடியும் என்று நம்புவோம்' என்கிற மாதிரி பேச்சுவழக்கில் ஒரு வரி. அதில் அரசன் இல்லை. அப்போது லூயி மக்களுக்கு வேண்டியவர். பழியெல்லாம் சுற்றியிருப்பவர்களுக்கு.

1791 ஜூன் 20 இரவு அரசன் குடும்பத்தோடு மாறுவேடத்தில் வண்டியேறி ஓடுகிறான். மறுநாள் இரவு வரேன் என்ற சிற்றூரில் பிடிபடுகிறான். அதற்கப்புறம்தான் பன்றிகள் வருகின்றன. 'பன்றிக் குடும்பம் மறுபடி கொட்டிலுக்கு' என்று ஒரு படம்: உடல் பன்றி, முகம் அரசன், அரசி, பிள்ளைகள், வண்டியில் இழுத்து வரப்படுகிறார்கள். இன்னொன்றில் இரட்டைத்தலை விலங்கு, ஒரு பக்கம் கொம்பு முளைத்த அரசன், மறுபக்கம் இறகு சூடிய அரசி, 'இரண்டும் ஒன்றுதான்' என்ற தலைப்போடு.

மானத்தை முதலில் வாங்கியது அந்த ஓட்டம். படம் அதற்குக் கணக்கு எழுதியது, அவ்வளவுதான். வரேனுக்கும் கில்லட்டினுக்கும் இடையில் சரியாகப் பத்தொன்பது மாதம்.

மார்ச் 2, இரவு 11.05

தூங்கப் போகும்முன் ஒன்று. அந்தக் குடும்பத்தைத் திரும்ப அழைத்து வந்த நாளில் பாரிஸ் தெருவில் ஒட்டப்பட்ட எச்சரிக்கை: கைதட்டுபவனுக்குக் கசையடி, வைதவனுக்குத் தூக்கு. தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஜனம் வாய்மூடி நின்றது. தெருவில் அப்படி ஒரு மௌனம், படக்கடையில் மட்டும் பன்றிச் சத்தம்.

மார்ச் 3, காலை 7.20

நேற்று எழுதியதில் ஒரு ஓட்டை இருக்கிறது. நானே அடைத்துவிடுகிறேன்.

'அரசனுக்கு 1791 வரை மரியாதை' என்பது சரி. ஆனால் அரசி? மரி அந்துவானெத் பற்றிய ஆபாசத் துண்டுப்பிரசுரங்கள் புரட்சிக்குப் பல வருடம் முன்பிருந்தே ரகசியமாக ஓடிக்கொண்டிருந்தன. பதினாலு வயதில் ஆஸ்திரியாவிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண். ஆஸ்திரியாவுக்கு பிரெஞ்சில் 'ஓத்ரீஷ்', நெருப்புக்கோழிக்கு 'ஓத்ரூஷ்'. நாக்கு கொஞ்சம் புரண்டால் போதும். அதை வைத்து ஒரு படம்: அரசி தலையோடு ஒரு நெருப்புக்கோழி, வாயில் அரசியல் சாசனம். 'பொன்னும் வெள்ளியும் சுலபமாகச் செரிக்கிறது, இந்தச் சாசனம்தான் தொண்டையில் இறங்கமாட்டேன் என்கிறது' என்று அது சொல்கிறது. நெருப்புக்கோழி இரும்பைத் தின்றாலும் செரித்துவிடும் என்பது அங்கே பழைய நம்பிக்கை.

சிலேடை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அரசியைப் பற்றிய படங்களில் பாதியை இங்கே விவரிக்கக்கூட எனக்குக் கூசுகிறது. அரசனைத் திட்ட அவன் பசி போதுமாக இருந்தது. அரசியைத் திட்ட அவள் உடம்பு தேவைப்பட்டது. இன்றைக்கும் பெண் அரசியல்வாதி என்றால் மீம் போடுகிறவன் கை எங்கே போகிறது என்று பாருங்கள்.

மார்ச் 3, மாலை 4.50

ஏன் பன்றி என்று கேட்டிருக்கிறீர்கள். லூயி சாப்பாட்டுப் பிரியன். போகிற வழியில் சேன்ட் மெனூ என்ற ஊரில் அவனை அடையாளம் கண்டவர் த்ரூவே என்ற அஞ்சல் நிலையக்காரர், குதிரை மாற்றும் இடம் அவர் பொறுப்பில். அந்த ஊருக்குப் பன்றிக்கால் சமையல் பேர்போனது. அரசன் பன்றிக்கால் தின்ன உட்கார்ந்ததால்தான் மாட்டினான் என்று உடனே ஒரு வதந்தி கிளம்பியது. வதந்திதான். ஆனால் வரைகிறவனுக்கு அது போதும்.

த்ரூவே அரசனை எப்படிக் கண்டுகொண்டார் என்பதற்கும் ஒரு கதை உண்டு: அப்போதைய காகிதப்பணத்தில் அச்சாகியிருந்த அரசன் முகத்தை வைத்து. பாதி உண்மையாக இருந்தாலும் அழகான கதை. தன் முகத்தைத் தானே அச்சடித்து ஊரெல்லாம் அனுப்பியவன், அந்த அச்சாலேயே பிடிபட்டான்.

மார்ச் 4, இரவு 10.30

தொழில் பற்றிக் கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். நான் சிவகாசிக்காரன். பதினேழு வயதில் அச்சாபீசில் கம்பாசிட்டராக, அதாவது ஈய எழுத்துக் கோக்கிறவனாகச் சேர்ந்தேன், அப்புறம் ஆஃப்செட். எங்கள் மாமா வீட்டுக் கொல்லையில் ஒரு கல் கிடந்தது. நாலு விரல் தடிமன், வெளிர் மஞ்சள், கன்னம் போல வழவழப்பு. அத்தை அதில்தான் துணி துவைப்பார்கள். பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, அது லித்தோ கல். ஒருகாலத்தில் அதில் தீப்பெட்டி லேபிள் அடித்திருக்கிறார்கள்.

அந்தக் கல்லை வைத்துத்தான் இந்த விஷயம் எனக்குப் புரிந்தது. 1791-ல் பாரிஸில் படம் என்றால் செப்புத் தகடு. தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இட்டு, கீறிய இடம் அரித்துப் பள்ளமாகி, அதில் மை தேய்த்து, மேலே வழித்து, ஈரக் காகிதத்தை வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். அப்புறம் ஆளை வைத்து ஒவ்வொன்றுக்கும் கையால் வர்ணம் பூச வேண்டும்.

1790-களின் கடைசியில் பவேரியாவில் செனஃபெல்டர் லித்தோவைக் கண்டுபிடித்தார். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது, அவ்வளவுதான் ரகசியம். கொழுப்புப் பென்சிலால் கல்லில் வரை, கல்லை ஈரமாக்கு, மையை உருட்டு. கோட்டில் மட்டும் மை பிடிக்கும். ஓவியன் காகிதத்தில் வரைகிற வேகத்தில் கல்லில் வரையலாம். இடையில் செதுக்குகிறவன் தேவையில்லை. காலையில் நடந்ததற்கு ராத்திரிக்குள் கேலி தயார். 1830-க்குப் பிறகு பிரெஞ்சுக் கேலிப்படத்துக்குத் திடீரென்று கால் முளைத்தது என்றால், அதில் பாதி இந்தக் கல்லால்தான்.

இரண்டிலும் ஒரு சங்கடம் பொது. படம் இடவலம் மாறி விழும். எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல எழுதவேண்டும். ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு மணமகன் பெயரின் ஒரு எழுத்தை அவசரத்தில் நேராக விட்டு ஐந்நூறு பிரதி ஓடவிட்டவன் நான். சம்பளத்தில் பிடித்தார்கள். அந்த மாப்பிள்ளை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறார்.

மார்ச் 5, காலை 6.10

செப்புத் தகட்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, சொல்ல மறந்துவிட்டேன். பழைய தகட்டைத் திருத்தலாம்.

1792 ஜூன் 20, சரியாக ஓடிப்போன நாளின் ஆண்டு நிறைவு. கூட்டம் துய்லரி அரண்மனைக்குள் புகுந்து, அரசன் தலையில் புரட்சிக்காரர்களின் சிவப்புக் குல்லாயை மாட்டி, தேசத்தின் பேரைச் சொல்லிக் குடிக்கவைத்தது. படக்கடைக்காரர் என்ன செய்தார்? மரியாதையாகச் செதுக்கி விற்றுக்கொண்டிருந்த அரசனின் உருவப்படத் தகட்டை எடுத்தார். அதே முகத்தின் தலையில் குல்லாயைச் சேர்த்தார். புதுப்படம் தயார். முகம் முந்தைய ஆட்சியுடையது, தொப்பி இந்த வாரத்தது.

இதில் கேலி எது, மரியாதை எது? பார்ப்பவன் கையில் இருக்கிறது. அரசனும் ஜனத்தோடு சேர்ந்துவிட்டான் என்று ஒருவன் சொல்வான், பார் இவனை என்று இன்னொருவன் சிரிப்பான். பன்றியைவிட இந்தக் குல்லாய்ப் படம்தான் எனக்கு பயங்கரமாகத் தோன்றுகிறது. பன்றியில் வரைந்தவன் கோபம் தெரிகிறது. இதில் யாருக்கும் கோபமே இல்லை.

மார்ச் 5, இரவு 9.00

'எதிர்த்தரப்பு படம் போடவில்லையா' என்று ஒரு நண்பர். போட்டது. பலே ராயல் பகுதியில் வெபேர் என்ற புத்தகக்கடைக்காரர் அரச ஆதரவுப் படங்களை விற்றார். 1794-ல் அவர் தலையும் போனது.

இன்னொருவர்தான் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள். புவாயே ப்ரூன், நீம் ஊர்க்காரர், அரச ஆதரவுப் பத்திரிகையாளர். புரட்சி நடந்துகொண்டிருக்கும்போதே, 1792-ல், அதன் கேலிப்படங்களுக்கு ஒரு வரலாறு எழுதினார். கேலிப்படம் என்பது பொதுஜன அபிப்பிராயத்தின் சூடு காட்டும் வெப்பமானி என்றார். நம் கேள்விக்கு முதலில் பதில் தேடியவர் அவர்தான். ஆனால் பின்னால் இருப்பது புராட்டஸ்டண்ட் சதி என்று சாதித்தார். அவரையும் 1794-ல் கில்லட்டினுக்கு அனுப்பினார்கள். ஜுரம் பார்க்கப் போனவர் ஜுரத்திலேயே போய்விட்டார்.

மார்ச் 6, பிற்பகல் 2.15

அரசன் தலை விழுந்த 1793 ஜனவரி 21-க்குப் பிறகு படத்தின் தொனியே மாறிவிடுகிறது. வில்நேவ் என்பவரின் படம்: எங்கிருந்தோ நீளும் ஒரு கை, முடியைப் பிடித்துத் தூக்கிய தலை, கழுத்திலிருந்து சொட்டும் ரத்தம். தலைப்பு, 'முடிசூடிய வித்தைக்காரர்கள் யோசித்துப் பார்க்க ஒரு விஷயம்'. கீழே நாள், கிழமை, இடத்தோடு நேரமும்: காலை பத்தேகால் மணி. கேலியே இல்லை. பஞ்சாயத்து நோட்டீஸ் மாதிரி இருக்கிறது.

மூன்றே வாரத்தில் லண்டனிலிருந்து பதில் வருகிறது. ஜேம்ஸ் கில்ரே. விளக்குக் கம்பத்தில் ஒரு பரட்டைப் புரட்சிக்காரன் குந்தி உட்கார்ந்து ஃபிடில் வாசிக்கிறான். கால் வைத்திருப்பது தூக்கில் தொங்கும் பாதிரியின் தலைமேல். கீழே கில்லட்டினில் அரசன். தலைப்பு 'பிரெஞ்சுப் புகழின் உச்சம்'. சரி, கில்ரே அரச பக்தர் என்று நினைப்பீர்கள். அதே கில்ரே முந்தைய வருடம் தன் நாட்டு அரசன் மூன்றாம் ஜார்ஜை என்ன பாடு படுத்தினார் என்று ராத்திரி எழுதுகிறேன். பேரன் வந்துவிட்டான்.

மார்ச் 6, இரவு 10.50

1792 ஜூன் மாதம் வந்த படம். மூன்றாம் ஜார்ஜ் ஒரு சின்ன உருவச் சித்திரத்தைக் கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்க்கிறார். கையில் மெழுகுவர்த்தி. அந்த மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் பாருங்கள். கட்டை வத்தி. கடைசித் துளிவரை எரிந்து தீரும்படி முள்ளில் குத்தி நிறுத்தியிருக்கிறது. கஞ்சப்பயல் என்று எழுதவே இல்லை, அந்த வத்தி சொல்லிவிடுகிறது. அரசன் உற்று உற்றுப் பார்க்கும் முகம் யாருடையது? ஆலிவர் கிராம்வெல். இங்கிலாந்திலும் 1649-ல் ஒரு அரசனின் தலையை எடுத்தார்களே, அந்தக் காரியத்தின் முன்வரிசை ஆள்.

அடுத்த மாதம் பட்டத்து இளவரசன் முறை. தின்று முடித்து நாற்காலியில் சரிந்து, முள்கரண்டியால் பல் குத்திக்கொண்டிருக்கிறான். வயிற்றின் மேல் ஒரே ஒரு பொத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பின்னால் நிரம்பி வழியும் மூத்திரச் சட்டி, அதன்கீழ் கட்டாத பில்கள்.

கில்ரேயை அந்தப் படங்களுக்காக யாரும் சிறையில் போடவில்லை. 1797-லிருந்து அரசாங்கமே அவருக்கு வருடம் 200 பவுண்டு கொடுத்தது. அவர் பேனா யார் பக்கம் திரும்பக்கூடாது என்பது இரு தரப்புக்கும் தெரியும். அந்த இளவரசன் நான்காம் ஜார்ஜாகப் பட்டத்துக்கு வந்த 1820-ல், ஜார்ஜ் க்ரூக்ஷாங்க் என்ற இன்னொரு கேலிப்படக்காரருக்கு 100 பவுண்டு போனது. மாட்சிமை தங்கியவரை ஒழுக்கக்கேடான நிலையில் வரையமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு. ஒழுக்கமான நிலையில் வரையலாமாம்!

மார்ச் 7, காலை 8.30

தென்னிந்தியத் தொடர்பு ஒன்று நினைவுக்கு வந்தது, இழையை விட்டு விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1791 டிசம்பரில் கில்ரே ஸ்ரீரங்கப்பட்டணத்தை வரைந்திருக்கிறார். கோட்டைச் சுவரில் நின்று திப்பு சுல்தான் கீழே ஓடும் கார்ன்வாலிஸ் மேல் சிறுநீர் கழிக்கிறார். 'மழைக்காலம் தொடங்குகிறது' என்று தலைப்பு. அந்த வருட முற்றுகையைக் கைவிட்டு கார்ன்வாலிஸ் பின்வாங்கியதற்கு மழைதான் காரணமாகச் சொல்லப்பட்டது. லண்டன்காரன் தன் தளபதியை அவமானப்படுத்த நம் பக்கத்துச் சுல்தானை இரவல் வாங்கியிருக்கிறான்.

மார்ச் 7, இரவு 9.15

இனி பேரிக்காய். எனக்கு இந்த விஷயத்தில் சொல்ல இருப்பதே இதுதான், இத்தனை நாள் சுற்றிவளைத்துவிட்டேன்.

1830 ஜூலையில் பாரிஸில் மூன்று நாள் புரட்சி. இடையில் மறுபடி வந்திருந்த முடியாட்சியின் அரசன் பத்தாம் சார்ல்ஸ் ஓடுகிறான், லூயி பிலிப் அரசனாக வருகிறான். பத்திரிகைத் தணிக்கை இனி எந்நாளும் திரும்பாது என்று சாசனத்திலேயே எழுதுகிறார்கள். நவம்பரில் ஷார்ல் ஃபிலிப்போன் 'லா காரிகாத்யூர்' என்ற வார இதழைத் தொடங்குகிறார். அடுத்த வருடமே வழக்கு. கொத்தனார் வேடத்தில் அரசன் கரண்டியோடு நின்று, ஜூலைப் புரட்சியின் வாசகங்கள் எழுதிய சுவரைப் பூசி மறைப்பதுபோல ஒரு படம் போட்டதற்காக.

1831 நவம்பர் 14, நீதிமன்றம். படத்தில் அரசன் பெயர் இல்லை, அரச சின்னம் இல்லை, வெறும் முகச்சாயல். சாயலே குற்றமா என்று கேட்டு ஃபிலிப்போன் அங்கேயே நாலு படம் வரைகிறார். முதலாவது லூயி பிலிப்பேதான்: அகலமான தாடை, தொங்கும் கன்னம், கிருதா, உச்சியில் குடுமி போலத் தூக்கிச் சீவிய முடி. இரண்டாவதில் கன்னம் இன்னும் இறங்குகிறது. மூன்றாவதில் கண்ணும் வாயும் சுருக்கமாகிக் கரைகின்றன. நாலாவது பேரிக்காய், காம்பும் இலையுமாக. 'முதல் படத்துக்குத் தண்டனை என்றால் அதைப் போலிருக்கும் இரண்டாவதுக்கும் தரவேண்டும், பிறகு மூன்றாவதுக்கு, கடைசியில் பேரிக்காயையும் விடமுடியாதே' என்பது வாதம். பிரெஞ்சுப் பேச்சில் பேரிக்காய் என்றால் மண்டு என்றும் அர்த்தம்.

விடுதலை ஆகிவிட்டார்.

மார்ச் 7, இரவு 9.50

ஆகவில்லை! மேலே கடைசி வரி தப்பு. ஆறு மாதச் சிறை, 2,000 பிராங்க் அபராதம். இவ்வளவு அழகான வாதத்துக்கு விடுதலைதான் கிடைத்திருக்கும் என்று மனசு தானாக எழுதிவிட்டது. பலரும் இப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். தப்பு வரி அப்படியே இருக்கட்டும், அழிக்கமாட்டேன்.

மார்ச் 8, காலை 11.30

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். பத்து நாளில் அந்த நாலு படமும் இதழின் இணைப்பாக வந்தன. அதற்கப்புறம் பாரிஸ் சுவர்களில் சுண்ணாம்பிலும் கரியிலும் பேரிக்காய். யார் வரைந்தாலும் வரும். மூன்று வளைவு, ஒரு காம்பு. பன்றி உடம்பில் அரசன் முகத்தை ஒட்ட ஓவியன் தேவை. பேரிக்காய்க்கு எழுதப் படிக்கத் தெரியாத பையன் போதும். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. பன்றிப் படத்தைப் பறிமுதல் செய்யலாம். சந்தையில் பேரிக்காய் விற்பவளை என்ன செய்வது? நம் ஊரில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். அவர்கள் முழு அரசனைப் பழக்கூடையில் மறைத்தார்கள்.

விக்டர் ஹியூகோ தன் நாவலில் ஒரு சம்பவம் சொல்கிறார். நுயீ மாளிகை வாசல் தூணில் ஒரு பொடியன் பெரிய பேரிக்காய் வரைந்துகொண்டிருக்கிறான், எட்டவில்லை. லூயி பிலிப்பே வந்து வரைந்து முடிக்க உதவி, ஒரு தங்கக் காசும் கொடுத்து, 'இதிலும் பேரிக்காய் இருக்கிறது' என்கிறார். காசில் அரசன் முகம்தானே. நாவலாசிரியர் சொல்வதை எவ்வளவு நம்பலாமோ அவ்வளவு நம்புங்கள்.

மார்ச் 8, இரவு 11.20

இந்தக் கதை என்னை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டது என்றால், நானும் ஒரு காய் வரைந்தவன்.

பள்ளி விடுதியில் ஒரு வார்டன். கறுத்துப் பளபளக்கும் முகம், மேலே குறுகி கீழே அகலம், எப்போதும் பச்சைத் தொப்பி. ஒருநாள் குளியலறைச் சுவரில் கரித்துண்டால் கத்திரிக்காய் வரைந்தேன். பெயர் போடவில்லை. ஒரு வாரத்தில் கட்டடம் முழுக்கக் கத்திரிக்காய், என் கை படாமலே. உணவுக்கூடத்தில் கத்திரிக்காய்க் கூட்டு வந்தால் எண்பது பேர் குனிந்து சிரிப்போம். அவர் விசாரித்தார். என்னவென்று விசாரிப்பார்? 'இது நான்தானே' என்று அவர் வாயால் சொல்லவேண்டும். சொல்லிவிட்டால் ஜோக் முடிந்தது. ஃபிலிப்போன் அரசு வக்கீலை நிறுத்திய அதே மூலையில் நாங்கள் அவரை நிறுத்தியிருந்தோம்.

அவர் எங்களை அடித்தவர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இரவில் ஜுரத்தில் கிடந்த பையன்களுக்குக் கஞ்சி கொண்டுவந்தவரும் அவர்தான். கத்திரிக்காயில் கஞ்சிக்கு இடமில்லை. பதினைந்து வருடம் கழித்து பேருந்து நிலையத்தில் பார்த்தேன். 'நீதானே ஆரம்பிச்சே, காம்பைச் சரியா வரையலையேடா' என்றார். சிரித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை.

மார்ச் 9, மாலை 5.40

கேள்வி கேட்ட நண்பர் விடுவதாக இல்லை. 'அப்படியானால் பேரிக்காயாவது கவிழ்த்ததா?' இல்லை ஐயா. லூயி பிலிப் முடி துறந்தது 1848 பிப்ரவரியில். பேரிக்காய்க்கு அப்புறம் பதினாறு வருடம் உட்கார்ந்திருந்தான். ஓடும்போது பாஸ்போர்ட்டில் பெயர் 'ஸ்மித்'.

இடையில் படத்தின் வாயையும் அடைத்துவிட்டார்கள். 1835 ஜூலை 28, ஃபியெஸ்கி என்பவன் இருபத்தைந்து துப்பாக்கிக் குழல்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு கருவியால் அரசன் ஊர்வலத்தைச் சுட்டான். 18 பேர் செத்தார்கள், அரசனுக்கு நெற்றியில் சிராய்ப்பு. பழி படம் வரைந்தவர்கள் மேலும் விழுந்தது. செப்டம்பரில் சட்டம் வந்தது. படம் போடுமுன் அனுமதி வாங்க வேண்டும். தணிக்கை திரும்பாது என்று சாசனம் சொல்லியிருக்கிறதே? நீதி அமைச்சர் பெர்சில் பதில் வைத்திருந்தார். சாசனம் காப்பது கருத்தை, படம் கருத்தல்ல, கண்ணோடு பேசும் செயல் என்றார். 'லா காரிகாத்யூர்' அதற்குள் மூடிவிட்டது.

எழுத்துக்கு இல்லாத தணிக்கை படத்துக்கு மட்டும். படத்துக்குக் கிடைத்த பெரிய மரியாதை இதுதான் என்று நினைக்கிறேன். கவிழ்க்குமோ இல்லையோ, அரசாங்கம் அப்படி நம்பியது.

மார்ச் 10, காலை 9.00

திருத்தம். தோமியேயைப் பேரிக்காய்க்காகச் சிறையில் போட்டார்கள் என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. ஓவியர் ஓனோரே தோமியே, அப்போது இருபத்துமூன்று வயது, 'கார்கான்துவா' என்ற படத்துக்காக. அதிலும் அரசன் தலை பேரிக்காய்தான், அதனால் குழப்பம். ராட்சதன் போல அரசன் உட்கார்ந்திருக்கிறான், வாயிலிருந்து தரைவரை ஒரு பலகை. அதில் குட்டிக் குட்டி மனிதர்கள் கூடை கூடையாகக் காசு சுமந்து ஏறி வாயில் கொட்டுகிறார்கள். அடியில் ஏழைகள் வரிசை. சிம்மாசனம் மலங்கழிக்கும் நாற்காலி. கீழே விழுவது பதக்கங்களும் நியமன உத்தரவுகளும், அதைப் பொறுக்க ஒரு கூட்டம். ஆறு மாதம், 500 பிராங்க். கல்லையும் மிச்சப் பிரதிகளையும் அழிக்கச் சொல்லி உத்தரவு.

கல்லை அழிப்பது பெரிய வேலையில்லை, மணலைப் போட்டுத் தேய்த்தால் படம் போய்விடும், கல் மறுபடி புதிது. எங்கள் அத்தை சோப்புப் போட்டுத் தேய்த்த கல்லில் எந்தத் தெய்வத்தின் முகம் இருந்ததோ.

மார்ச் 10, இரவு 8.25

நேற்று 'கவிழ்க்கவில்லை' என்று கறாராகச் சொன்னதில் எனக்கே கொஞ்சம் உறுத்தல். 1832-ல் ஃபிலிப்போன் ஒரு நினைவுச்சின்னத்துக்குத் திட்டப்படம் போட்டார். கொன்கோர்ட் சதுக்கத்தின் நடுவில், பீடத்தின்மேல், பிரம்மாண்டமான பேரிக்காய். அந்த இடம் பதினாறாம் லூயியின் தலை விழுந்த இடம். இன்னொன்றும் உண்டு: லூயி பிலிப்பின் அப்பா அந்த மரணத்துக்கு ஆதரவாக வாக்களித்தவர், அதே வருடம் அவர் தலையும் போனது. அந்தச் சதுக்கத்தில் பேரிக்காயை வைத்தால் குடும்பக் கதை மொத்தமும் மேலே வருகிறது. அரச கொலைக்குத் தூண்டுகிறாய் என்று வழக்கு. அதிகபட்சம் ஜாம் காய்ச்சத்தான் தூண்டினேன் என்றார் ஃபிலிப்போன்.

படம் அரசனைத் தள்ளவில்லை, சரி. ஆனால் 1791 பன்றிக்கும் 1832 பேரிக்காய்க்கும் நடுவில் ஒரு நாற்பது வருடப் பழக்கம் இருக்கிறது. அரசன் முகத்தைப் பார்த்தால் தலை குனியாமல் சிரிப்பு வரும் பழக்கம். அதை எந்தக் கணக்கில் எழுதுவது? என் முதல் பதிலை வாபஸ் வாங்கவில்லை. கொஞ்சம் தளர்த்துகிறேன்.

மார்ச் 11, காலை 7.45

ஃபிலிப்போன் 1832 டிசம்பரில் தொடங்கிய நாளிதழ் 'ஷாரிவாரி'. பொருந்தாக் கல்யாணம் நடந்த வீட்டு வாசலில் தகரத்தையும் சட்டியையும் தட்டிக் கூச்சல் போடுவதற்கு அந்தப் பெயர். 1841-ல் லண்டனில் வந்த 'பன்ச்' என்ற கேலி இதழ் தன்னை 'லண்டன் ஷாரிவாரி' என்று அழைத்துக்கொண்டது. நம் பக்கம், பாரதி நடத்திய 'இந்தியா' வார இதழ் கருத்துப்படங்கள் வெளியிட்டது, சுதந்திரம் சமத்துவம் சகோதரத்துவம் என்ற பிரெஞ்சுப் புரட்சி முழக்கத்தையும் தாங்கி வந்தது. சென்னையில் கெடுபிடி வந்ததும் போய் ஒதுங்கியது பிரெஞ்சுப் புதுச்சேரியில். இதைத் தனி இழையாகத்தான் பேசவேண்டும்.

மார்ச் 11, இரவு 10.10

கடைசியாக ஒன்று, அச்சுக்கோத்தவன் என்ற முறையில். 1834-ல் ஷாரிவாரிக்கு எதிராக ஒரு தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைப் பத்திரிகையிலேயே வெளியிட வேண்டும் என்று உத்தரவு. வெளியிட்டார்கள், பிப்ரவரி 27, முதல் பக்கத்தில், எழுத்துகளைப் பேரிக்காய் வடிவத்தில் கோத்து.

ஈய எழுத்தில் இதைச் செய்வது எவ்வளவு பாடு என்று கையில் எழுத்துக் கோக்கும் ஸ்டிக் பிடித்தவர்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு வரியும் வெவ்வேறு அகலம். மேலே காம்புக்கு இரண்டு வார்த்தை, கழுத்துக்குக் கொஞ்சம், வயிற்றுக்கு நிறைய, மறுபடி குறுக வேண்டும். இரண்டு ஓரத்திலும் வெற்றுக்கட்டை வைத்து நிரப்ப வேண்டும், ஒன்று தளர்ந்தாலும் பக்கம் பூட்டாது, தூக்கினால் மொத்தமும் தரையில் கொட்டும். தீர்ப்பில் ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ கூடாது, அது வேறு. ஒரு சரஸ்வதி பூஜை அழைப்பிதழை வீணை வடிவத்தில் கோக்கச் சொன்னதற்கு நான் ஒருநாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன்.

ஃபிலிப்போனுக்குப் பெயர் கிடைத்தது, தோமியேவுக்கு அருங்காட்சியகம் கிடைத்தது. அந்தக் கம்பாசிட்டருக்கு ஓவர்டைம் கொடுத்திருப்பார்களா என்பதுதான் இன்று ராத்திரி என் கவலை.